படகு இல்லாத மாதம்

சேவூர், ஆரணி
6 ஜனவரி 2025

அன்புள்ள டயானாவுக்கு,

அண்ணி ஜாய்ஸ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணனும் நலம். நீயும் இளவரசனும் எப்படி இருக்கிறீர்கள்? அந்தத் தீவில் பொங்கலுக்குக் கரும்பு கிடைக்குமா?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் போனை எடுத்த யாரும் சண்டை போடாமல் வைத்ததில்லை. அதோடு, என் போன் பெயருக்குத்தான் என்னுடையது. சேலைக்குப் புட்டா டிசைன் பார்க்கிறேன் என்று நாள் முழுக்க அதைக் கையில் வைத்திருப்பது உன் அண்ணன். அதில் உன் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். பதிலை நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ மாதா கோயிலில் தாலி கட்டிக்கொள்ளாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் இளவரசனைக் கட்டிக்கொண்டு நான்கு வருஷம் ஆகப் போகிறது. நான் உன் பேச்சை எடுக்கும்போதெல்லாம் உன் அண்ணன் எழுந்துபோய்த் தறியில் உட்கார்ந்துவிடுகிறார். தறி ஓட ஆரம்பித்தால் நான் பேசுவது எனக்கே கேட்காது. உன் கல்யாணத்தன்றும் அதைத்தானே செய்தார்? "பாவ பாதில வுட்டுட்டு நான் எங்கியும் வர்றதில்ல" என்று சொல்லிவிட்டார், நான் மட்டும் உன் பக்கத்தில் நின்றேன். தறியில் ஏற்றின பாவை, அந்த நீள நூலை, நெய்து முடிக்காமல் அவர் ஊரைத் தாண்டியதில்லை என்பதும் உண்மைதான். அதனால் அவரோடு சண்டை போடவும் வழியில்லை.

ஆகவே நான் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். இளவரசன் ஓட்டும் பாய்மரப் படகில் டூர் வருகிறவர்களைத் தீவு தீவாகக் கூட்டிப்போகிறார்கள் அல்லவா? நாங்களும் டூர் வருகிறோம். படகு நடுக்கடலுக்குப் போனதும் நீ உள்ளேயிருந்து வெளியே வா. அறையிலிருந்து எழுந்து போகலாம், வீட்டிலிருந்து போகலாம். கடலில் எங்கே போவார்? தறியும் கிடையாது.

எந்த மாதம் வந்தால் நல்லது என்று மட்டும் சரியாகக் கேட்டு எழுது. உன் அண்ணன் வேலூர் பஸ்சிலேயே வாந்தி எடுக்கிறவர். அலை குறைவாக இருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி
ஜாய்ஸ்


ஹேவ்லாக், அந்தமான்
25 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

டயானாவின் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். கரும்பு கிடைத்தது, ஒல்லியாக, தண்ணீர் போல இருந்தது. உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் சிரித்தேன், கடைசித் தடவை அழுதுவிட்டேன்.

மாதத்தைப் பற்றி இங்கே விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். படகு முதலாளி டிசம்பர் முதல் ஏப்ரல் வரை எப்போது வந்தாலும் சரி என்கிறார். அவர் வியாபாரம் அப்படி. மீன் விற்கிற பெங்காலி அம்மா டிசம்பரில் அலை இருக்கும், வேண்டாம் என்கிறார். டீக்கடை பன்னீர்செல்வம் அண்ணன், "எப்ப வந்தாலும் வாந்தி வரும்மா, அதுக்கு எதுக்கு மாசம் பாக்கற" என்றார். கடைசியில் வீட்டில் இவரையே கேட்டேன். தை கடைசியும் மாசியும்தான் நல்லதாம். பாய் விரிய வேண்டிய அளவுக்குக் காற்று இருக்கும், அலை எழும்பாது, தண்ணீரில் அடிமண் தெரியும்.

எனவே பிப்ரவரி, இல்லாவிட்டால் மார்ச். ஆனால் அண்ணி, என்னைப் பார்த்ததும் அண்ணன் கடலில் குதித்துவிட்டால்? விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தோடு ஆசையாகவும் இருக்கிறது.

அண்ணனிடம் என் அன்பைச் சொல்ல முடியாது, தெரியும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

டயானா


சேவூர்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள டயானாவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

பிப்ரவரி ஆகாது. மாசி முகூர்த்தத்துக்கு ஒரு பாவு தறியில் ஓடுகிறது. மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன். தவக்காலத்தில் உன் அண்ணன் மீசையைக்கூட முறுக்குவதில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு கடலில் உல்லாசப் பயணமா? சாமியார் சும்மா விட்டாலும் இவர் விடமாட்டார். ஏப்ரல் இருபது உயிர்ப்புப் பெருவிழா. அதற்குள் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்துவிடும்.

என்னோடு வேலை பார்க்கும் பரிமளா டீச்சர் யூடியூபில் ஒரு பையனைக் காட்டினாள். அவன் கடலில் நின்றுகொண்டு ஏப்ரல்தான் சூப்பர் என்கிறான். அவனே இன்னொரு வீடியோவில் நவம்பர்தான் சூப்பர் என்கிறான். ஆரணி டிராவல்ஸ் ஆபீசில், "ஆஃப் சீசன்ல போங்க மேடம், கூட்டமே இருக்காது" என்றார்கள். கூட்டம் ஏன் இருக்காது என்று கேட்டேன், மழை என்றார்கள். நான் ஒன்றாம் வகுப்புக்கு மாதங்களின் பெயர் சொல்லிக் கொடுக்கிறவள். இந்த வாரம் ஜனவரி, பிப்ரவரி என்று சொல்லும்போதே தலை சுற்றுகிறது.

மே மாதம் எனக்கு லீவு. மே எப்படி? கேட்டு எழுது.

ஜாய்ஸ்


சேவூர்
20 மார்ச் 2025

டயானா,

சுகம்தானா? பதில் வரவில்லை. தபால் தொலைந்ததா, நீ தொலைந்தாயா? மே பற்றிக் கேட்டிருந்தேன். இரண்டு வரி போதும்.

அண்ணி


ஹேவ்லாக்
4 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. கொஞ்ச நாளாக உடம்பு சோர்வாக இருந்தது, பயப்படும்படி ஒன்றுமில்லை. தலைசுற்றல். இவர் என்னைப் படகில் ஏற விடுவதில்லை.

மே வேண்டாம். ஏப்ரல் கடைசியில் காற்று செத்துவிடும், படகு போட்ட இடத்திலேயே நிற்கும் என்கிறார்கள். மே நடுவில் மழை இறங்கிவிடும். ஜூன், ஜூலை கடல் கொந்தளிப்பு. யோசித்து எழுதுகிறேன். இப்போது எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அண்ணி, பின்கட்டு அறை, அம்மா இருந்த அறை, இன்னும் நூல் மூட்டை போட்டுத்தான் வைத்திருக்கிறீர்களா? அம்மாவின் இரும்புக் கட்டில் இருக்கிறதா, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டீர்களா? சும்மா ஞாபகம் வந்தது, கேட்டேன்.

நம் தெருவில் மழை எப்போது ஆரம்பிக்கும்? ஆடியிலா, ஆவணியிலா? அதையும் மறந்துவிட்டேன்.

டயானா


சேவூர்
23 ஏப்ரல் 2025

அன்புள்ள டயானாவுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்து. தலைசுற்றலுக்கு டாக்டரைப் பார்த்தாயா? இரும்புச் சத்து குறைந்திருக்கும். முருங்கைக்கீரை சாப்பிடு. எனக்கும் அப்படித்தான் வரும்.

உன் கடிதத்தைப் படித்துக் குழம்பிப் போயிருக்கிறேன். கடலைப் பற்றிக் கேட்டால் கட்டிலைப் பற்றிக் கேட்கிறாய். கட்டில் இருக்கிறது. அதன்மேல் நூல் இருக்கிறது. உங்கள் கடல் மழையைப் பற்றிக் கேட்டால் சேவூர் மழையைப் பற்றிக் கேட்கிறாய். ஆடி கடைசியில் சாயங்கால மழை ஆரம்பிக்கும், போதுமா?

காற்று செத்துப் படகு நடுவில் நிற்கும் என்கிறாயே, எனக்கு வேண்டியதே அதுதான். நாலு மணி நேரம் அசையாமல் நின்றால் மனிதர் எத்தனை நேரம்தான் வானத்தையே பார்ப்பார்?

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் பள்ளி டீச்சர்கள் எல்லாம் குடும்பத்தோடு அந்தமான் டூர் போகிறோம் என்று உன் அண்ணனிடம் பொய் சொல்லி வைத்திருந்தேன். மாட்டேன் என்பார் என்று பார்த்தால், போன வாரம் பஜாருக்குப் போனவர் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளைத் தொப்பி, முன்பக்கம் நங்கூரம் போட்டது. எதற்கு என்றேன். "கடல்ல வெயிலு ஜாஸ்தியாமே" என்றார். அந்தமான் என்றால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்து வாங்கினாரா, தெரியாத மாதிரி வாங்கினாரா, அதுவும் எனக்குப் புரியவில்லை.

இனி ஒன்றுதான் பாக்கி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது, தறி சும்மா நிற்கும். அவர் வீட்டில் சும்மா இருக்கும் காலம் அதுதான். நவம்பரில் வரட்டுமா?

ஜாய்ஸ்


ஹேவ்லாக்
21 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அண்ணன் தொப்பி வாங்கியதை இவரிடம் சொன்னேன். அன்றைக்கு முழுக்க அதே பேச்சுதான்.

நவம்பர் வேண்டாம். புயல் மாதம். அதோடு நவம்பர் ரொம்பத் தள்ளிப் போய்விடும்.

ஆகஸ்ட்டில் வாருங்கள். இரண்டாம் வாரம். எல்லாரும் சொல்லும் மாதத்தையெல்லாம் சொன்னேன், இது நான் சொல்லும் மாதம். ஆகஸ்ட்டில் படகு ஓடாது, பாயைக் கழற்றி மடித்து வைத்திருப்பார்கள். மழை விடாமல் பெய்யும். பெரிய கப்பல்கூடச் சில நாள் வராது. இருந்தாலும் ஆகஸ்ட்டில்தான் வரவேண்டும். அதற்குப் பிறகு வந்து பயனில்லை.

உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், லீவு தரமாட்டார்கள். நீங்கள் சிரமப்பட வேண்டாம். அண்ணன் மட்டும் வந்தாலும் போதும்.

காரணம் கேட்காதீர்கள் அண்ணி.

டயானா


சேவூர்
9 ஜூன் 2025

டயானாவுக்கு,

காரணம் கேட்காதே என்றால் எப்படி? படகு ஓடாத மாதத்தில் படகுப் பயணத்துக்கு வா என்கிறாய். திட்டம் போட்டவள் நான், என்னை வீட்டில் விட்டுவிட்டு அண்ணனை மட்டும் அனுப்பு என்கிறாய். உனக்கும் இளவரசனுக்கும் ஏதாவது பிரச்சனையா? அடித்தானா? உண்மையைச் சொல். நான் இங்கே காப்பியில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறேன்.

11 ஜூன்

மேலே எழுதியதை அன்றைக்கு அனுப்பவில்லை. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

டூர் எந்த மாதம் என்று உன் அண்ணன் கேட்டார். ஆகஸ்ட் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் எந்த டூர்காரன் கூப்பிடுகிறான் என்றார். என்னால் முடியவில்லை டயானா. டூர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, டயானாதான் கூப்பிடுகிறாள், படகு ஓடாதாம், மழையாம், நீங்கள் மட்டும் வந்தால் போதுமாம், எனக்கு ஒரு எழவும் புரியவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எழுந்து போவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஏற்கனவே தறியில்தான் உட்கார்ந்திருந்தார். மிதியிலிருந்து காலை எடுத்தார். தறி நின்றது.

"எத்தினி மாசமாம்?" என்றார்.

நான் தறிப் பக்கத்தில் போய் நின்றேன். அவரே பேசினார்.

"நீ வயித்துல இருக்கறப்ப இல்ல, டயானா இருக்கசொல்ல, எங்க மாமா சேத்துப்பட்டுலேர்ந்து மழையிலதான் வந்தாரு, அம்மாவ பிரசவத்துக்குக் கூட்டிகினு போவ. வேற எதுக்கு ஒருத்தி அண்ணன மழையில கூப்புடுவா?"

என்னைப் பார்த்து 'நீ வயித்துல' என்று உளறினாரே, அப்போதுதான் அவர் மனது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அப்புறம் வழக்கம்போலத் தறியை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இப்போது என்னுடையதைச் சொல்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. கோபம்கூட இல்லை, அவமானம். தலைசுற்றல் என்று எழுதினாய், நான் முருங்கைக்கீரை சொன்னேன். பெற்றவளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தையிலேயே கண்டுபிடித்திருப்பாள் அல்லவா? கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் எத்தனை வீட்டு வளைகாப்பில் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மட்டும் வந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் உன் வயிற்றை என் கண்ணிலிருந்து நீயும் மறைப்பாய் என்று நினைக்கவில்லை. அதற்குத்தான் 'அண்ணன் மட்டும்' என்று எழுதினாயா?

பத்திரமாக இரு. இது கோபத்தில் எழுதினாலும் மனதோடுதான் எழுதுகிறேன்.

ஜாய்ஸ்


ஹேவ்லாக்
28 ஜூன் 2025

அண்ணி,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

ஆறாம் மாதம் நடக்கிறது. அக்டோபரில் நாள் சொல்லியிருக்கிறார்கள். ஏழு முடிவதற்குள் விமானத்தில் போய்விடு என்கிறார் டாக்டர். அதனால்தான் ஆகஸ்ட்.

மார்ச்சிலேயே உங்களுக்கு எழுதினேன். எழுதி எழுதிக் கிழித்தேன். இந்தச் செய்தியை நீங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் பிரித்துப் படிப்பீர்கள், சிரித்த முகமாகவே அடுத்த வகுப்புக்குப் போவீர்கள் என்று நினைத்தாலே கை ஓடவில்லை. அண்ணனைக் கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை. வா என்று கேட்டு வந்தால் அது அழைத்துப் போக வந்ததாகாது, தானாக வரவேண்டும் என்று ஒரு வீம்பு. எனக்கு இருக்கும் ஒரே தாய் வீடு அவர்தானே.

'அண்ணன் மட்டும்' என்று ஏன் எழுதினேன் தெரியுமா? கிளம்புவதற்கு முன்னால் இங்கே வளையல் போடுகிறார்கள். வெம்பாக்கத்திலிருந்து என் மாமியார் கெங்கம்மாள் வருகிறார். "புள்ள பெத்தவங்களா அஞ்சு பேரு பாத்து வையி" என்று போனில் சொன்னார். உங்கள் முன்னால் அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாரோ என்று நடுங்கினேன். அதைவிட நீங்கள் வராமலே இருப்பது நல்லது என்று நினைத்தேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு உங்களை நானே பின்னால் தள்ளினேன்.

அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரிக் காலேஜுக்கு அனுப்பினது உங்கள் கை. முதல் வளையல் அந்தக் கைதான் போட வேண்டும், இல்லாவிட்டால் வளைகாப்பே வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். பட்டென்று போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "உங்க அண்ணிக்கு இன்னா கலரு வளையல் புடிக்கும்?" என்றார்.

என்ன சொல்லட்டும் அண்ணி?

அண்ணன் வராவிட்டாலும் நீங்கள் வாருங்கள்.

டயானா


சேவூர்
12 ஜூலை 2025

அன்புள்ள டயானா,

பச்சை. ஓரத்தில் பொன்புள்ளி வைத்தது.

எனக்கு லீவு கிடைத்துவிட்டது. காரணம் என்ற இடத்தில் 'நாத்தனார் பிரசவம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பரிமளா டீச்சர் தோளில் சாய்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் அண்ணனைப் பற்றி நான் வாக்குக் கொடுக்க முடியாது. உன் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் ஆவணி முகூர்த்தத்துக்கு என்று புதுப் பாவு ஏற்றிவிட்டார். அது நெய்து முடியச் செப்டம்பர் ஆகும். அதைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ மனதைத் தேற்றிக்கொள். நான் வருகிறேன், நானே கூட்டிவருகிறேன்.

அண்ணி


சேவூர்
28 ஜூலை 2025

டயானாவுக்கு அண்ணன் டேவிட்ராஜ் எழுதுவது.

இங்கு நலம். அங்கு உன் நலமும் மாப்பிள்ளை இளவரசன் நலமும் தெரிந்துகொள்ள விருப்பம்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அண்ணி நீளமாக எழுதுவாள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி நானும் அவளும் அங்கே வந்து சேருகிறோம். டிக்கெட் போட்டாகிவிட்டது. உனக்கும் திரும்பி வரப் போட்டிருக்கிறேன். டாக்டர் சீட்டு வாங்கி வைத்துக்கொள். மழையில் கப்பல் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் ஏறி வருகிறோம், நீ படகுத்துறையில் வந்து நனைய வேண்டாம்.

பின்கட்டு அறையைக் காலி செய்து வெள்ளை அடித்திருக்கிறேன். அம்மா கட்டிலுக்குப் புதுக் கயிறு தேவைப்படவில்லை, அது இரும்புப் பட்டை. துருவைத் தேய்த்துப் பெயின்ட் அடித்து வெயிலில் போட்டிருக்கிறது. நூலை மாடிக்கு ஏற்றிவிட்டேன்.

எந்த மாதம் நல்ல மாதம் என்று நீங்கள் இருவரும் ஆறு மாதமாகக் குழம்பியிருக்கிறீர்கள். அண்ணனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்க முடியாதபடி நான் வைத்திருந்தேன், அதுவும் தெரியும். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் உங்களை நான்தான் கொண்டுவந்து விட வேண்டும். அப்போது தை கடைசி. மாப்பிள்ளை சொன்ன காற்று அப்போதுதானே வருகிறது? தவக்காலம் தொடங்க அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அப்போது படகில் ஏறுகிறேன். தொப்பி பத்திரமாக இருக்கிறது.

தறியில் பாவு பாதி நிற்கிறது. துணி போட்டு மூடி வைத்துவிட்டு வருகிறேன்.

அண்ணன்
டேவிட்ராஜ்